மடக்கு வண்டி

“இன்னாண்ணே, இவ்ளோ லேசா கீது? புள்ள ஒக்காந்தா முதுகு வளைஞ்சிக்காதா?”

சாராள் குழந்தையை வைத்துத் தள்ளும் அந்த மடக்கு வண்டியின் துணி இருக்கையை உள்ளங்கையால் அழுத்தினாள். நடுவில் தொட்டில் மாதிரி குழிந்தது.

“லேசா இருந்தாத்தாம்மா ரயில்ல ஏத்தி எறக்க சுளுவு. குடை மாதிரி மடக்கி கைல எடுத்துக்கலாம்” என்றார் கடைக்காரர் முனுசாமி.

“சுளுவு தள்றவங்களுக்கு. ஒக்கார்றது புள்ளயாச்சே.”

பக்கத்தில் அவள் தங்கை ஜெபா நின்றாள். தோளில் எட்டு மாதக் குழந்தை அன்பு. நாளைக் காலை குழந்தையோடு பூனாவுக்கு ரயில் ஏறுகிறாள். அவள் கணவனுக்கு அங்கேதான் வேலை.

சாராள் குழந்தையை வாங்கி வண்டியில் உட்கார வைத்தாள். பெல்ட் தோளை அறுக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தாள். அப்படியே கும்மிடிப்பூண்டி பஜார் ரோட்டில், லாரிகளுக்கு ஒதுங்கி, கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“இது வேணாம்ணே. கல்லுல ஏறினா மூஞ்சிய சுளிக்கிறான். முதுகுல பலகை வெச்சது, சாய்ச்சிக்கிற மாதிரி இருந்தா எடுங்க. சாப்ட்டதும் தூங்கிடுவான். தலைய வலப்பக்கம்தான் சாய்ப்பான், அங்க மெத்துனு இருக்கணும். ஜெபா, கேட்டுக்கினியா?”

“கேட்டுக்கினேன்க்கா.”

முனுசாமி சிரித்தார். “பெத்தவங்க சும்மா நிக்கிறாங்க. பெரிம்மா நீங்க என்னை இந்தப் பாடு படுத்துறீங்களே!”

ஜெபா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சாராள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“அவளுக்கு இதெல்லாம் புதுசுண்ணே. எனக்கு ஊட்ல ரெண்டு வளந்து நிக்கிதுங்க.”

அடுத்து வந்த வண்டி கொஞ்சம் கனம். ஆனால் அதில் உட்கார்ந்ததும் அன்பு காலை நீட்டிக் கண்ணை மூடினான். “இதான்” என்றாள் சாராள்.

வீடு திரும்ப, மீஞ்சூர் போகும் ரயிலுக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது குழந்தை பசியில் வீறிட்டான். ஜெபா தூக்கினாள். அடங்கவில்லை. திமிறிக்கொண்டு சாராளை நோக்கிக் கைகளை நீட்டினான்.

“அக்கா, இன்னிக்கு ஒருநாள்...” ஜெபா அழுதுவிட்டாள்.

சாராள் எழுந்து தள்ளி நின்றாள்.

“வேணாம். பால் பாட்டில எடு. என்கிட்ட வந்தா அங்க போயும் என்னைத்தான் தேடுவான். கொழந்த இல்லேன்னு இத்தினி வருசம் நீ அழுதது போதும். இனிமே நீதான் அவனுக்கு அம்மா.”

சொல்லிவிட்டுத் தண்டவாளத்தின் பக்கம் திரும்பி, பால் கசிந்து நனைந்த ஜாக்கெட்டை முந்தானையால் இழுத்து மூடிக்கொண்டாள்.