நாலாவது படி

"கோர்ட் வாசல்ல அவனைச் செருப்புத் தேய நடக்க விடலேன்னா, நான் இந்த லாட்ஜுக்கு மொதலாளியே இல்ல வக்கீல் சார்!"

முதலாளி போட்ட சத்தத்தில் கவுண்டர் மேலிருந்த மணி தானாக அதிர்ந்தது. அவர் முதுகுக்குப் பின்னால், பலகையில், பத்து அறைகளின் சாவிகளும் ஒன்று விடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு மாதமாக அவற்றைத் தொட ஆளில்லை. இணையத்தில் எவனோ போட்டுவிட்டுப் போன ஒற்றை ஸ்டார் செய்த வேலை அது.

"கத்தாதீங்க. என்ன எழுதியிருக்கான்? நிதானமாப் படிங்க," என்றது ஸ்பீக்கரில் போட்டிருந்த போன்.

முதலாளி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"'நாலாவது படியில் கால் வைத்தால் அது நம்மைத் திட்டுகிறது. ஏழாம் நம்பர் அறைக் கட்டிலில் படுத்தால் கப்பலில் போவது போல இருக்கிறது. பாத்ரூம் கதவு மூடாது, பாட்டுப் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும்.' கேட்டீங்களா அநியாயத்தை? சொந்தப் பேரைப் போடத் துப்பில்ல, 'வழிப்போக்கன்'னு போட்டிருக்கான். எதிர் லாட்ஜ்காரன் வேலைதான் சார் இது!"

"ஆள் யாருன்னு கோர்ட் மூலமாக் கேட்டு வாங்கிடலாம். எழுதினது பொய்யா இருந்தா மானநஷ்டம்னு கேஸ் போட்டு, நஷ்டஈடு வாங்கி, மன்னிப்பும் கேக்க வச்சிடறேன். ஆனா அத்தனையும் நிஜம்னா..."

"நிஜம்னா?"

"'நாலாவது படி திட்டுறது உண்மைதான்'னு ஜட்ஜே தீர்ப்பு எழுதிக் குடுப்பாரு. ஃப்ரேம் போட்டு வாசல்ல மாட்டிக்கலாம். முதல்ல விவரம் தெரிஞ்ச ஆள் ஒருத்தரை விட்டுப் பாருங்க."

போனை வைத்துவிட்டு முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் தட்டியது. தோளில் கருவிப் பை, காதில் பென்சில், நரைத்த மீசையில் மரத்தூள்.

"மர வேலை ஏதும் இருக்குங்களா மொதலாளி? ஆடுறது, கத்துறது, மூடாதது எதுவா இருந்தாலும் சரி பண்ணிடலாம்."

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கண்ணே! வேலை இல்ல, ஒரு சாட்சி வேணும். மாடிப்படி, கட்டில், கதவு எல்லாம் சும்மா கிண்ணுனு இருக்குன்னு கோர்ட்டுல சொல்லணும். வாங்க, காட்டுறேன்."

தச்சர் முன்னால் ஏறினார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைத் தாண்டிக் காலை நீட்டி ஐந்தில் வைத்தார். பின்னால் வந்த முதலாளி மறந்துபோய் நாலாவதை மிதித்தார். அது திட்டியது.

'தொழில்காரன் கால் தொழில்காரன் கால்தான்' என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார் முதலாளி.

"சாட்சி சொல்றதுக்கென்ன மொதலாளி, சொல்லலாம். எதிர்க்கட்சி வக்கீல் இங்க வந்து இந்தப் படியில ஏறி நின்னார்னு வைங்க. படி அவர் பக்கம் சாட்சி சொல்லிடும். அப்புறம் பொய் சாட்சி சொன்னதுக்கு நான் உள்ள போகணும்."

"அப்ப என்னதாண்ணே பண்ணச் சொல்றீங்க?"

"சரி பண்ணிட்டு அப்புறமா சண்டை போடுங்க."

"அவன் சொல்லி நான் சரி பண்ணினா, அவன் ஜெயிச்ச மாதிரி ஆயிடாதா?"

"சாவியெல்லாம் பலகையில தொங்குதே மொதலாளி. இப்ப மட்டும் ஜெயிச்சிட்டா இருக்கீங்க?"

முதலாளிக்குச் சுருக்கென்றது. "ஆரம்பிங்க," என்று மட்டும் சொன்னார்.

படியைப் பெயர்த்து அடிச்சட்டம் மாற்றி, கட்டிலுக்கு முளை அடித்து, கதவின் ஓரத்தை இழைத்து, தச்சர் பம்பரமாகச் சுழன்றார். முதலாளி கூடவே அலைந்து புலம்பித் தீர்த்தார்.

"ராத்திரி கவுண்டர்ல உட்காருறது என் மச்சான்தான். எவன்டா ஏழாம் நம்பர்ல தங்கினான்னு கேட்டா, 'சாவியை நீட்டினேன் மாமா, மூஞ்சியைப் பாக்கலை'ங்கறான். தூக்கத்துலயே நீட்டியிருக்கான், அக்காகிட்ட இருக்கிற செல்லம்!"

தச்சர் ஏதோ சொன்னார். வாயில் ஆணிகள் இருந்ததால் விளங்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் வேலை முடிந்தது. முதலாளி நாலாவது படியில் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். படி வாயைத் திறக்கவில்லை. பாத்ரூம் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்று பார்த்தார். பாட்டுக்கு அவசியம் வரவில்லை. முகம் கொஞ்சம் மலர்ந்தது, உடனே வாடியது.

"எல்லாம் சரிதாண்ணே. அந்த ஒத்தை ஸ்டார் அப்படியேதானே நிக்கும்?"

"மாத்தி எழுதிடுவான் மொதலாளி. வேணும்னே பொய் எழுதுறவன்தான் மாத்த மாட்டான்."

"திரும்ப வந்து பார்த்தாத்தானே மாத்துவான்?"

"வருவான்."

முதலாளி பெருமூச்சு விட்டுக் கவுண்டருக்குப் போய், கூலியை எடுத்து வந்து கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். அவர் போன் 'டிங்' என்றது.

"அண்ணே! மாத்திட்டான்! அஞ்சு ஸ்டார்ணே! 'நாலாவது படி இப்போது மரியாதையாக நடந்துகொள்கிறது. கட்டில் கரை சேர்ந்துவிட்டது. நம்பிப் போய்த் தங்கலாம்.' அட, அட, அட! நல்லவன்ணே அவன்! நல்ல..."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. படி சரியானதிலிருந்து அதில் ஏறி இறங்கியது இரண்டே பேர்தான்.

அவர் மெல்ல நிமிர்ந்து பார்த்தார்.

தச்சர் தன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டினார்.

"அப்ப நான் வரேன் மொதலாளி. இன்னிக்கு ராத்திரிக்கு எதிர் லாட்ஜ்ல ரூம் சொல்லியிருக்கேன்."