முந்நூறு இலக்க எண்

பொன்னேரிக் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தும் மெர்சி, முந்நூறு இலக்கமுள்ள ஓர் எண்ணை அச்செடுத்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தாள். அது பகு எண் என்று நிரூபித்துவிட்டார்கள். எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் அது வரும் என்றுதான் உலகத்தில் யாருக்கும் தெரியாது.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் தலையில் அடிபட்ட அவள் கணவன் இம்மானுவேல், எட்டு மாதமாக அந்தச் சுவரைப் பார்த்தபடி பேச்சில்லாமல் கிடந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் இட்லி ஊட்டும்போது வாய் திறந்தான். ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிக்கொண்டே போனான். மெர்சி அழுதுகொண்டே எழுதினாள். நூற்றைம்பதாவது இலக்கத்தில் நிறுத்தினான்.

சுவரிலிருந்த எண்ணை அந்த எண்ணால் கணினியில் வகுத்துப் பார்த்தாள். மீதி பூஜ்யம்.

கட்டிலருகே ஓடி வந்தாள். "இன்னாங்க, எப்டித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ரெண்டு பேரு நின்னுக்கினு கீறாங்களே, உனுக்குத் தெரியல?" என்று சுவரைக் காட்டினான்.

மெர்சி திரும்பிப் பார்த்தாள். இலக்கங்கள்தான் தெரிந்தன.

"எவ்ளோ நாளாத்தான் நிப்பீங்க, வந்து குந்துங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்ன இம்மானுவேல், இருவர் உட்காரும் அளவுக்குக் கட்டிலில் மெல்ல நகர்ந்து இடம் விட்டான்.