அம்மா எழுந்து சொன்னது

நெய்வேலி டவுன்ஷிப்பின் சமுதாயக் கூடத்தில், மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேடைவரை நீட்டியிருக்கிறது. இலங்கைப் போரில் ஊரை விட்டு வந்த பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லும் நாடகம் நடக்கிறது. இப்போது நிலானியின் முறை. ஐந்து வயதில் மன்னாரிலிருந்து படகேறி வந்தவள். அகதி முகாமில் வளர்ந்து, நர்சிங் படிக்கிறாள். முன்வரிசையில் அவள் அம்மா செல்வராணி, மடியிலிருக்கும் கைப்பையை இறுகப் பிடித்தபடி அமர்ந்திருக்கிறாள். அந்தப் படகைப் பற்றி இருவரும் வீட்டில் ஒருநாளும் பேசியதில்லை. நிலானி மேடையில் மைக்கை எடுக்கிறாள். "படகில நான் அழுதனான். அம்மா என்ர வாயைப் பொத்திப்போட்டா. எனக்கு மூச்சு முட்டிச்சுது. அம்மாவுக்கு என்னில கோவமெண்டுதான் இண்டைவரைக்கும் நினைச்சிருக்கிறன்" என்கிறாள். செல்வராணி மெல்ல எழுகிறாள். "கோவமில்லைப் பிள்ளை, பயம். ரோந்துப் படகு கிட்ட வந்திட்டுது. உன்ர வாயைப் பொத்தின நான்தான், கரை தெரிஞ்ச உடன குளறி அழுதனான். படகுக்காரன் என்னைத்தான் ஏசினவன்." நிலானிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிக்கிறாள். கூடமும் சேர்ந்து சிரிக்கிறது. ஷிப்ட் முடிந்து சுரங்கத் தூசு படிந்த பூட்ஸோடு நேரே வந்திருக்கும் வெள்ளைச்சாமி, "அவங்களையும் மைக்குல பேசச் சொல்லும்மா, பின்னாடி எங்களுக்கும் கேக்கட்டும்" என்கிறார். நிலானி மைக்கோடு படியிறங்கி வருகிறாள். அம்மாவின் பக்கத்து நாற்காலியில் அமர்ந்து, மைக்கை இருவருக்கும் நடுவில் பிடித்து, "நாங்கள் எப்ப அம்மா ஊரை விட்டு வெளிக்கிட்டனாங்கள்?" என்று முதலிலிருந்து கேட்கத் தொடங்குகிறாள்.