துவைக்காத துணி

"மூணு நாள்கூட முழுசா ஆகலை. அதுக்குள்ள அலமாரியைத் திறந்தாச்சு!"

பெரியவளின் குரல் கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை சொந்தக்காரர்களுக்கும் கேட்டது.

விபத்தில் போனவளுக்கு இரண்டு நாத்தனார்கள். பெரியவள் வந்ததிலிருந்து வீட்டைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தாள். மிருகக்காட்சிசாலையில் தாயில்லாக் குட்டிகளுக்குப் புட்டிப்பால் கொடுக்கும் சின்னவள், வந்ததும் வராததுமாக அண்ணியின் அலமாரிக்குள் தலையை விட்டிருந்தாள். ஒவ்வொரு துணியாக எடுத்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். கட்டிலில் எறிந்தாள்.

"என்னடி தேடுறே? விலைச்சீட்டையா?"

சின்னவள் அடுத்த துணியை எடுத்து முகர்ந்தாள்.

உள்ளறையில் ஐந்து மாதக் குழந்தை வீறிட்டது. தாய்ப்பால் தவிர வேறெதுவும் அறியாதது. நாத்தனார்களின் சித்தி அதைத் தோளில் போட்டு நடக்கிறாள். புட்டியைக் காட்டினால் நாக்கால் தள்ளுகிறது. ஸ்பூனில் புகட்டிய கொஞ்சம்தான் உள்ளே போயிருக்கிறது. மதியத்துக்குள் குடிக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"எல்லாமே துவைச்சதா இருக்கே," என்றாள் சின்னவள்.

"நான்தான் மிஷின்ல போட்டேன். உனக்கு அழுக்குத் துணிதான் வேணுமா?"

"ஆமாக்கா. அழுக்குத் துணிதான் வேணும்."

"மிருகங்களோட பழகிப் பழகி மூளை குழம்பிடுச்சு," என்றார் சித்தப்பா.

சின்னவள் கூடத்துக்கு வந்தாள்.

"சித்தப்பா, பொறந்த கொஞ்ச நேரத்துலயே எழுந்து நிக்கிற மான்குட்டி எங்ககிட்ட வருது. கண்ணே திறக்காத முயல்குட்டி வருது. தலைகீழாத் தொங்குற வவ்வால்குட்டியும் வருது. பார்த்தா ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கிடையாது. ஆனா எல்லாம் வயித்துக்குள்ள நஞ்சுக்கொடி வழியாத் தின்னு வளர்ந்ததுங்க. அது அறுந்தப்புறம் அதுங்களுக்கு மிச்சமிருக்கிற ஒரே பிடி அம்மா வாசனை. போன மாசம் ஒரு மான்குட்டி புட்டியைத் தொடவே இல்லை. தாய் படுத்த வைக்கோலைப் புட்டியில சுத்தினேன், குடிச்சுது. நம்ம குழந்தை மட்டும் என்ன வேற இனமா?"

சின்னவள் கூடத்தில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள்.

"அண்ணியோட வேர்வையும் பாலும் ஊறின துணி ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு போதும். சித்தி அதைப் போட்டுக்கிட்டுக் குழந்தையைத் தூக்கட்டும். கிடைக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு நகர மாட்டேன்."

எல்லோரும் எழுந்து தேடினார்கள். தலையணை உறை மாற்றியாகிவிட்டது. போர்வை மாடியில் காய்கிறது. குளியலறைக் கூடை காலி.

மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்த அண்ணன் அன்று முதன்முறையாக வாயைத் திறந்தான்.

"நீலக் கம்பளிச் சட்டை... கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. விபத்து நடந்த அன்னிக்குக் காலையிலகூட அதைப் போட்டுக்கிட்டுத்தான் பால் கொடுத்தா. கிளம்பும்போது கழட்டி இந்த நாற்காலியில போட்டா."

நாற்காலி வெறுமையாக இருந்தது.

"துவைச்ச துணியில அது இல்லையே. அப்போ எங்கே?" சின்னவள் கட்டிலுக்கடியில் குனிந்தாள். சோபாவை நகர்த்தினாள். குப்பைக்கூடையைக்கூடக் கவிழ்த்தாள்.

உள்ளே குழந்தையின் அழுகை ஓய்ந்து வெறும் விக்கலாகியிருந்தது.

பெரியவள் எழுந்தாள். யார் முகத்தையும் பார்க்காமல் வாசல் பக்கம் போனாள். ஊருக்குக் கிளம்பத் தயாராக வைத்திருந்த தன் பெட்டியின் பூட்டைத் திறந்தாள்.