இழுத்தால் இறுகாத முடிச்சு

"அது சுருக்கு முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், கால் வீங்கிடும். பிரிச்சிட்டு வேற போடு" என்றார் கொளஞ்சியப்பன்.

கட்டில் காலில் போட்டிருந்த முடிச்சை மருமகள் மலர்க்கொடி பிரித்தாள். சிதம்பரத்தில் வாங்கி வந்த புது நைலான் கயிறு, கைக்கு அடங்கவில்லை.

கொளஞ்சியப்பன் ஊர் ஊராக மாட்டுத் தரகு செய்தவர். அவர் கட்டிய மாடு அவிழ்த்துக்கொண்டு ஓடியதாகக் குமராட்சி வட்டாரத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை. அவர் வீட்டுக்கே இப்படி ஒரு பாடு வந்து சேர்ந்ததுதான் கொடுமை.

"நேத்து நான் போட்டது ஏன் மாமா அவுந்துச்சு?"

"நைலான் வழுக்கும் புள்ள. ஒரு சுத்து பத்தாது. நுனியயும் ஒட்ட வுட்டுட்ட, உருவிக்கிச்சு. பக்கத்து வூட்டு சிங்காரம் மட்டும் பாக்கலன்னா நேத்தே கொள்ளிடத்துல கத முடிஞ்சிருக்கும்."

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். கரையை முட்டிக்கொண்டு போகிறது.

"கதவப் பூட்டிட்டா போதாதா?"

"கொல்லப்பக்கம் வேலியப் பிரிச்சது மறந்து போச்சா?"

"கட்டிப் போட மனசு வரல மாமா. நான் முழிச்சிருந்து பாத்துக்கறேன்."

"எத்தினி ராத்திரி முழிப்ப? விடிஞ்சா நடவுக்குப் போவணும். இனிமே குணமாவாதுன்னு டாக்டரும் கைய விரிச்சிட்டாரு."

அவள் இரண்டு சுற்று சுற்றி, நுனியை நீளமாக விட்டு மறுபடி கட்டினாள். அவர் விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். பலம் கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தார். இறுகவும் இல்லை, நழுவவும் இல்லை.

"இதான். அடியில பழைய வேட்டியக் கிழிச்சி சுத்திடு. தோலு உரியாது. முடிச்சு எட்டாத பக்கமா இருக்கணும்."

மலர்க்கொடி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள். வெயில் தாழ்ந்துவிட்டது. பொழுது சாயும் நேரம் என்றாலே இப்போதெல்லாம் அவளுக்குப் பயம்தான்.

கொளஞ்சியப்பன் கட்டிலில் ஏறி உட்கார்ந்தார். வலது காலை அவள் பக்கம் நீட்டினார்.

"கட்டு மலரு. கொஞ்ச நேரத்துல நீ யாருன்னு கேப்பேன். அப்பவும் அவுத்து வுட்டுடாத."