கம்பிப் பதம்

ரூத் டீச்சரின் மகன் கனடாவிலிருந்து கொடுத்தனுப்பிய மேப்பிள் சிரப் என்ற மரப்பாகு மொத்தமே ஒரு சின்னப் பாட்டில்தான். "அவன் அங்க தினமும் இதத்தான் ரொட்டில ஊத்தித் திங்கானாம். என்ன ருசின்னு நானும் பாக்கணும்ட்டி. கேக்குக்கு மேல பூசுத கிரீம்ல போட்டுத் தா" என்று பொன்மலரிடம் ஒப்படைத்திருந்தார். பொன்மலர் வீட்டிலேயே கேக் செய்து விற்பவள். ஆனாலும் பாகு என்றால் கம்பிப் பதம் வந்தாக வேண்டும் அவளுக்கு. பாட்டில் முழுவதையும் சட்டியில் கவிழ்த்து அடுப்பில் ஏற்றினாள். இரண்டு விரலால் தொட்டுத் தொட்டு இழுத்துப் பார்த்தாள். கம்பி வருவதற்குள் கருகிவிட்டது. சட்டியை ஊறப்போட்டுவிட்டு, கருப்பட்டியை உடைத்துக் காய்ச்சி வடிகட்டி, வெண்ணெயோடு அடித்துப் பூசினாள்.

நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் கேக்கைத் தானே எடுத்துக்கொண்டு போனாள். பெட்டியைத் திறந்ததுமே டீச்சர் கிரீமை விரலால் வழித்து நாக்கில் வைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் சுவைத்தார்.

"நம்ம கருப்பட்டி மாதிரில்லா இருக்கு! எட்டு வருசமா, எம்புள்ள அங்க என்னத்தத் திங்கானோன்னு நெனச்சு நெனச்சுக் கெடந்தேன். இனி எனக்கு அந்தக் கவல இல்லட்டி."

"டீச்சர்..." என்று பொன்மலர் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் டீச்சர் ஒரு துண்டை ஊட்டினார்.

"அப்படியேதான் இருக்கு, இல்லியா?"

வாய் நிறைய இனிப்போடு பொன்மலர் தலையாட்டினாள்.