ரூபிணி அழவில்லை

கன்னத்தில் அறை விழுந்த சத்தம் கேலரியின் கடைசிப் படிவரைக்கும் கேட்டது.

ரூபிணியின் அம்மா மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தாள்.

மாவட்ட வாலிபால் இறுதிப் போட்டி. கடைசி செட். அவள் மகள் ரூபிணி போட்ட சர்வீஸ் வலையில் போய் விழுந்தது. கோச் ஞானதுரை சார் டைம் அவுட் கேட்டார். பிள்ளைகள் அவரைச் சுற்றி வந்து நின்றார்கள்.

“கையப் பின்னால கட்டுட்டி.”

ரூபிணி கட்டிக்கொண்டாள்.

கை முன்னால் இருந்தால் முகத்தை மறைக்கத் தோன்றும். மறைத்தால் இன்னொன்று விழும். சாரிடம் விளையாடிய அத்தனை பேருக்கும் இது தெரியும். அவளுக்கும் தெரியும். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் இதே சாரின் முன் அவளும் இப்படித்தான் நின்றாள்.

ஒன்றுதான் விழுந்தது.

ரூபிணி அழவில்லை. கன்னத்தைத் தடவக்கூட இல்லை.

பக்கத்தில் இருந்த அம்மாள் சாய்ந்து கேட்டாள்.

“ஒங்க பிள்ளையா? ஒரு சொட்டுக் கண்ணீர் வரல பாருங்க.”

“ஆமா” என்றாள்.

சொன்ன பிறகுதான் தெரிந்தது, தான் சிரித்துக்கொண்டிருப்பது.



மகள் அறை வாங்கி முழுசாகப் பத்து விநாடி ஆகவில்லை. பெற்றவள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பெருமைதான். வேறென்ன.

அவள் ஆபீசில் மேலதிகாரி கோபம் வந்தால் ஃபைலை முகத்துக்கு நேரே விட்டெறிவார். மற்றவர்கள் கழிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வருவார்கள். அவள் குனிந்து தாள்களைப் பொறுக்குவாள். பக்க எண் பார்த்து அடுக்குவாள். மறுபடியும் அவர் மேசையிலேயே வைப்பாள். உங்களால மட்டும் எப்படிக்கா முடியுது என்று கேட்பார்கள். ஞானதுரை சாரிடம் ஆறு வருஷம் விளையாடினேன் என்பாள். மெடல் காட்டுகிற மாதிரி சொல்வாள்.

ரூபிணியைச் சேர்க்கப் போனபோது ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் அவளும் சாரிடம் சொன்னாள். கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாரும் சிரித்தார். பத்து வயது ரூபிணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

வீட்டில் மகள்மேல் ஒருநாளும் கை வைத்ததில்லை. மனசு வராது.

அதனால் அந்த வேலையை வெளியே கொடுத்திருந்தாள்.

இது இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குமேல் உட்கார முடியவில்லை.

இறங்கினாள். செருப்பு எந்தப் படியில் கழன்றதோ தெரியாது. கயிற்றைத் தாண்டி உள்ளே போனாள். யாரோ விசில் ஊதினார்கள்.

சார் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பழைய பிள்ளைகளைக் கண்டால் அவருக்கு எப்போதும் சந்தோஷம்.

“போதும் சார்.”

குரல் நடுங்கியது. எந்த மேலதிகாரி முன்னாலும் நடுங்காத குரல்.

“என்ன போதும்?” என்றார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

அவரிடம் பேச அவளுக்கு இனி ஒன்றும் இல்லை. மகளின் கன்னத்தில் நாலு விரலும் பதிந்து சிவந்திருந்தன. தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினாள்.

கை வருவதை ரூபிணி பார்த்தாள்.

விலகவில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவுக்கு வாகாக இருக்கட்டும் என்று சிவக்காத கன்னத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தாள்.